சூடானால் நின்று, ஆறினால் ஓடும் பைக்: கோளாறைப் பிடிக்கும் வழி

காலையில் ஒரே உதையில் ஸ்டார்ட் ஆகும். பர்மாவின் பெகு நகர மார்க்கெட் வரை ஒரு குறையும் இருக்காது. பதினோரு மணி வெயிலில் அரை மணி நேரம் ஓடியதும் இரண்டு மூன்று முறை விக்கும், பிறகு அணைந்துவிடும். மர நிழலில் கால் மணி நேரம் போட்டுவைத்தால் எதுவுமே நடக்காததுபோல மறுபடி ஓடும். மெக்கானிக்கிடம் தள்ளிக்கொண்டு போவதற்குள் எஞ்சின் ஆறிப்போகும். அவர் உதைத்துப் பார்ப்பார், ஓடும். "வண்டி நல்லாத்தானே இருக்கு" என்பார். அப்புறம் ஊகத்தில் ஒரு ப்ளக், தீப்பொறியை நேரம் பார்த்து விடும் ஒரு சிடிஐ பெட்டி, கார்புரேட்டர் கழுவிய கூலி என்று பணம் போகும். கோளாறு மட்டும் போகாது.

ஆறிய எஞ்சினில் இந்தக் கோளாறு இருக்காது என்பதுதான் சிக்கல். அதனால் இதைச் சோதிக்க வேண்டிய இடம் பட்டறை அல்ல, வண்டி நின்ற இடம். அதுவும் நின்ற முதல் மூன்று நிமிடத்துக்குள். அந்த நேரத்தில் தீப்பொறி வரவில்லையா, பெட்ரோல் வரவில்லையா, கம்ப்ரெஷன் (சிலிண்டருக்குள் காற்று அழுந்தும் பலம்) இல்லையா என்ற ஒரு கேள்விக்கு விடை கிடைத்துவிட்டால் மிச்சத்தை வீட்டில் நிதானமாகப் பார்த்துக்கொள்ளலாம்.

இங்கே சொல்வதெல்லாம் பர்மாவில் அதிகம் ஓடும் 100 முதல் 125 சிசி வரையிலான, காற்றால் குளிரும் ஒற்றை சிலிண்டர் வண்டிகளுக்கு. ஹோண்டா வேவ், கென்போ போன்ற சீன வண்டிகள் எல்லாம் இதில் அடங்கும். மத்திய பர்மாவில் மார்ச்சிலிருந்து மே வரை 40 டிகிரி சாதாரணம். 2024 ஏப்ரலில் மக்வே பகுதியிலுள்ள சௌக்கில் 48.2 டிகிரி பதிவானது. எஞ்சினைக் குளிரவைக்க வேண்டிய காற்றே அந்தச் சூட்டில் வரும்போது, ஜனவரியில் ஒளிந்துகொண்டிருந்த பலவீனமெல்லாம் வெளியே வரும்.

சீட்டுக்கு அடியில் என்னென்ன இருக்க வேண்டும்

நல்ல நிலையில் உள்ளதென்று தெரிந்த ஒரு பழைய ப்ளக், ஒரு ஸ்க்ரூடிரைவர், உள்ளே இருப்பது தெரியும் சின்ன பாட்டில், ஒரு துணி, ஒரு பாட்டில் தண்ணீர். ப்ளக் ஸ்பேனரும் வேண்டும். 10 மி.மீ. மரை கொண்ட சி7எச்எஸ்ஏ போன்ற ப்ளக்குகளுக்கு 16 மி.மீ. ஸ்பேனர் பொருந்தும். மல்டிமீட்டர் (மின்தடை, வோல்ட் அளக்கும் கருவி) இருந்தால் நல்லது. விலை மலிந்ததே போதும்.

நின்றவுடன்

உதைத்துக்கொண்டே இருக்காதீர்கள். முதலில் பெட்ரோல் டேங்க் மூடியைத் திறந்து காதைக் கொடுங்கள். 'உஸ்' என்று காற்று உள்ளே இழுக்கப்படும் சத்தம் கேட்டு, அதன்பின் ஒரு நிமிடத்தில் வண்டி ஸ்டார்ட் ஆனால் மூடியிலுள்ள காற்றுத் துளை அடைத்திருக்கிறது என்று அர்த்தம். பெட்ரோல் குறையக் குறைய அந்த இடத்தில் காற்று புக வேண்டும். புகாவிட்டால் டேங்க்குக்குள் வெற்றிடம் உண்டாகி பெட்ரோலைக் கீழே விடாது. சிவப்பு மண் தூசியில் ஓடும் வண்டிகளில் இது ரொம்பச் சகஜம். மெல்லிய கம்பியும் காற்றும் போதும், செலவே இல்லை.

அடுத்தது தீப்பொறி. எஞ்சினில் இருக்கும் ப்ளக்கைக் கழற்ற வேண்டாம். ப்ளக் கேப்பை மட்டும் பிடுங்கி, கொண்டுவந்த பழைய ப்ளக்கில் மாட்டுங்கள். அந்த ப்ளக்கின் உலோக உடம்பை சிலிண்டர் ஹெட்டின் பெயின்ட் இல்லாத இடத்தில் அழுத்தி வைத்து, இக்னிஷன் ஆனில் உதையுங்கள். எஞ்சினில் ப்ளக் இருப்பதால் அந்தத் துளை வழியே பெட்ரோல் ஆவி வெளியேறாது, தீப்பிடிக்கும் பயம் குறைவு. வெயிலில் பொறி கண்ணுக்குத் தெரியாது, துணியால் நிழல் கட்டிப் பாருங்கள். நீலமாக, 'டக்' என்ற சத்தத்தோடு விழுந்தால் நல்லது. மஞ்சளாக இழைபோல வந்தால் பலவீனம். ப்ளக் உலோகத்தில் படாமல் தொங்கிக்கொண்டிருக்கும்போது உதைக்காதீர்கள். உயர் அழுத்தம் போக வழியில்லாமல் காயிலையோ சிடிஐயையோ கெடுத்துவிடும்.

பொறி நன்றாக இருந்தால், கேப்பை எஞ்சின் ப்ளக்கில் திரும்ப மாட்டிவிட்டு, கார்புரேட்டரில் பெட்ரோல் தேங்கி நிற்கும் ஃப்ளோட் கிண்ணத்தின் அடியிலுள்ள ட்ரெய்ன் திருகைத் தளர்த்தி பாட்டிலில் பிடியுங்கள். சைலன்சரில் சொட்டக் கூடாது, பக்கத்தில் யாரும் சுருட்டு பிடிக்கக் கூடாது. இழை அறாமல் ஊற்றிக்கொண்டே இருந்தால் பெட்ரோல் வரத்து சரி. கிண்ணத்தில் இருந்தது மட்டும் ஊற்றி நின்றுபோனாலோ, முதலிலிருந்தே சொட்டுச்சொட்டாக வந்தாலோ கோளாறு டேங்க்குக்கும் கார்புரேட்டருக்கும் நடுவில் இருக்கிறது.

இரண்டும் சரியாக இருந்தும் ஸ்டார்ட் ஆகாமல், உதைக்கும்போது கிக்கர் வழக்கத்தைவிட லேசாக இறங்கினால் சந்தேகம் வால்வுமேல்.

பொறி இல்லை என்றால்

சூட்டில் மட்டும் வரும் கோளாறுகளில் இந்த வகைதான் ஆளை அதிகம் ஏமாற்றும். காயில் என்பது எனாமல் பூசிய மெல்லிய செம்புக் கம்பிச் சுற்று. எங்காவது முடி அளவு விரிசல் இருந்தால், குளிரில் இரண்டு முனைகளும் தொட்டுக்கொண்டிருக்கும். சூட்டில் சுற்றியுள்ள பிசின் விரியும்போது பிரிந்துவிடும். ஆறினால் திரும்பச் சேரும்.

நான்கு சந்தேகங்கள் உண்டு: எஞ்சின் பக்க மூடிக்குள் இருந்து பொறி விழ வேண்டிய நேரத்தைச் சொல்லும் பிக்கப் காயில், அதே இடத்தில் சிடிஐக்கு மின்சாரம் தரும் எக்ஸைட்டர் காயில் (பேட்டரியை நம்பாமல் ஓடும் ஏசி சிடிஐ வண்டிகளில்), ப்ளக்குக்கு உயர் அழுத்தம் தரும், வெளியிலிருக்கும் இக்னிஷன் காயில், சிடிஐ பெட்டி. வழியிலேயே செய்யக்கூடிய எளிய சோதனை ஈரத்துணி. துணியை நனைத்துப் பிழிந்து இக்னிஷன் காயில்மேல் இரண்டு நிமிடம் போர்த்துங்கள், கனெக்டரில் தண்ணீர் படாமல். பொறி திரும்பி வந்தால் குற்றவாளி அதுதான். வராவிட்டால் அதேபோல் சிடிஐமேல் போடுங்கள். சூடான சிலிண்டரில் மட்டும் தண்ணீர் ஊற்றிவிடாதீர்கள். வார்ப்பு வெடிக்கும்.

மல்டிமீட்டர் இருந்தால் பிக்கப் காயிலை அளக்கலாம். ஹோண்டா வகைகளில் அதன் ஒயர் நீலத்தில் மஞ்சள் கோடு, சீன வண்டிகளில் பெரும்பாலும் நீலத்தில் வெள்ளைக் கோடு. கனெக்டரைப் பிரித்து அந்த ஒயருக்கும் எர்த்துக்கும் நடுவில் அளந்தால் சின்ன வண்டிகளில் பொதுவாக 50 முதல் 200 ஓம் வரை காட்டும். காலையில் ஆறியிருக்கும்போது ஒருமுறை அளந்து எழுதிவையுங்கள். அந்த எண் இல்லாவிட்டால் வழியில் எடுக்கும் அளவுக்கு மதிப்பில்லை.

இங்கே பலர் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. செம்பின் தடை ஒவ்வொரு டிகிரிக்கும் சுமார் 0.39 சதவீதம் ஏறும். 20 டிகிரியில் 120 ஓம் இருந்த காயில் 100 டிகிரியில் 157 ஓம் காட்டும். அது இயல்பு, கோளாறு அல்ல. மீட்டரில் எதுவுமே வராமல் திறந்த சுற்றாகக் காட்டினாலோ, எண் நிலையில்லாமல் துள்ளினாலோதான் காயில் போயிற்று. எண் குறைந்தால் உள்ளே சுற்றுகள் ஒன்றோடொன்று ஒட்டிவிட்டன. சிடிஐயை மீட்டரால் நம்பகமாகச் சோதிக்க முடியாது. காயில்கள் எல்லாம் தேறியபின், அதே மாதிரி ஓடும் இன்னொரு வண்டியின் சிடிஐயை மாட்டிப் பார்ப்பதுதான் வழி. முதலில் சிடிஐயை வாங்கி மாட்டுவது காசைக் கரைக்கும் வழி.

சாவி ஸ்விட்சையும் மறக்காதீர்கள். ஏசி சிடிஐ வண்டியில், கருப்பில் வெள்ளைக் கோடு போட்ட ஒயர் எர்த்தைத் தொட்டால் எஞ்சின் அணையும். சாவியைத் திருப்பி அணைக்கும்போது நடப்பது அதுதான். ஹேண்டில் திரும்பும் இடத்தில் அந்த ஒயரின் தோல் உரிந்திருந்தால் சூட்டில் இளகி ஃப்ரேமில் ஒட்டும். அந்த ஒயரை சிடிஐ பக்கத்தில் கழற்றிவிட்டு ஓட்டிப் பாருங்கள். இனி நிற்கவில்லை என்றால் ஒயரிலோ ஸ்விட்சிலோதான் கோளாறு. அப்படி ஓட்டும்போது சாவியால் எஞ்சின் அணையாது. க்ளட்ச் லீவர் உள்ள வண்டியைப் பிரேக்கைப் பிடித்து கியரில் நிறுத்த வேண்டும். வேவ் போல லீவர் இல்லாத வண்டியில் அது நடக்காது, சோக்கை முழுக்கப் போட்டு அணையவிட வேண்டும். பேட்டரியில் ஓடும் டிசி சிடிஐயில் கதை தலைகீழ்: அங்கே ஸ்விட்ச் வழியாக 12 வோல்ட் வந்தாக வேண்டும்.

பெட்ரோல் வரவில்லை என்றால்

வரத்தை அளந்துவிடுவது நல்லது. லிட்டருக்கு 50 கி.மீ. கொடுக்கும் வண்டி மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் நிமிடத்துக்கு 20 மி.லி. குடிக்கும். ஏற்றத்தில் இரண்டு மூன்று மடங்கு. ஆக, ட்யூபைக் கழற்றி பாட்டிலில் விட்டால் நிமிடத்துக்கு 100 மி.லி.க்கு மேல் வந்தால் போதும். மூடியை மூடியபடியே மூன்று நிமிடம் விடுங்கள். போகப்போக இளைத்தால் காற்றுத் துளை. முதலிலிருந்தே மெலிவாக இருந்தால் காக்கின் (டேங்க்குக்கு அடியிலுள்ள பெட்ரோல் திறப்பு) வலை அல்லது ஃபில்டர். காக் வெற்றிடத்தால் திறக்கும் வகையாக இருந்தால் எஞ்சின் நின்றிருக்கும்போது வராது. அதன் வெற்றிட ட்யூபை வாயால் லேசாக உறிஞ்சினால் திறக்க வேண்டும். உறிஞ்சும்போது பெட்ரோல் வாய்க்கே வந்தால் அதற்குள் இருக்கும் டயாஃப்ரம் (ரப்பர் சவ்வு) கிழிந்திருக்கிறது.

பெட்ரோலின் இலேசான பாகங்கள் 40 டிகிரிக்குள்ளேயே ஆவியாகத் தொடங்கும். பிறகு மாட்டிய பிளாஸ்டிக் ஃபில்டர் சிலிண்டர் ஹெட்டை ஒட்டித் தொங்கினால் அதற்குள் குமிழி நின்று வழியை அடைக்கும். ட்யூபைச் சுருக்கி, ஏறி இறங்காமல் ஒரே சரிவாக, எஞ்சினிலிருந்து தள்ளிக் கொண்டுபோங்கள். ஓடும்போது சரியாக இருந்து, டீக்கடையில் பத்து நிமிடம் நிறுத்தியபின் மட்டும் ஸ்டார்ட் ஆகாவிட்டால், நின்றபின் ஏறும் சூட்டில் கிண்ணத்துப் பெட்ரோல் கொதித்து எஞ்சினுக்குள் வழிந்திருக்கிறது. சோக் போடாமல் த்ராட்டிலை முழுக்கத் திறந்து உதைத்தால் ஸ்டார்ட் ஆகும்.

சாலையோரத்தில் பாட்டிலில் விற்கும் பெட்ரோல் தனிக் கதை. கிண்ணத்திலிருந்து பிடித்ததைச் சற்று நேரம் அசையாமல் வையுங்கள். அடியில் கோலி உருண்டைபோலத் தனியே நிற்பது தண்ணீர். அது கார்புரேட்டரின் நுண்துளையான ஜெட்டை அவ்வப்போது அடைத்து விலகும், சூட்டுக் கோளாறுபோலவே நடிக்கும்.

வால்வ் இடைவெளி

எக்ஸாஸ்ட் வால்வ் சூட்டில் நீளும். வால்வுக்கும் அதை அழுத்தும் ராக்கர் கைக்கும் நடுவிலுள்ள இடைவெளி ஏற்கெனவே இறுக்கமாக இருந்தால் முழுக்க மூடாது, கம்ப்ரெஷன் கசியும். வேவ் 100 வகைக்கு 0.05 மி.மீ., ஹோண்டா சிஜி 125 வகைக்கு 0.08 மி.மீ. உங்கள் வண்டிக்கு எதுவென்று மேனுவலில் பார்த்துக்கொள்ளுங்கள். எஞ்சின் 35 டிகிரிக்குக் கீழே இருக்கும்போதுதான் அளக்க வேண்டும் என்று ஹோண்டா சொல்கிறது. மாண்டலேயில் ஏப்ரல் மதியம் ஓடாத எஞ்சினே அதைத் தாண்டியிருக்கும். ஆகவே இரவெல்லாம் நிறுத்திவைத்து, விடியற்காலையில் பாருங்கள். எண்ணெய் அளவையும் அப்போதே பாருங்கள். 0.7, 0.8 லிட்டர் மட்டுமே பிடிக்கும் எஞ்சினில் 200 மி.லி. குறைவது பெரிய குறைவு.

தண்ணீர் ஊற்றிக் கொண்டாடும் பர்மியப் புத்தாண்டான திஞ்சான் முடிந்த மறுநாள் தொடங்கிய விக்கலுக்கு இவ்வளவு தூரம் போக வேண்டாம். ப்ளக் கேப்புக்குள்ளும் கனெக்டர்களிலும் தண்ணீர் இருக்கும். பிரித்து, துடைத்து, வெயிலில் காயவிடுங்கள்.

இன்ஜெக்‌ஷன் வண்டியானால் (கார்புரேட்டர் இல்லாதது) மீட்டரிலுள்ள எஞ்சின் விளக்கு சிமிட்டுவதை எண்ணுங்கள். ஹோண்டாவில் 7 குறுஞ்சிமிட்டல் எஞ்சின் வெப்ப சென்சார், ஒரு நீளமும் இரண்டு குறிலும் சேர்ந்தால் 12, அது இன்ஜெக்டர். விளக்கு எரியாமலே வண்டி நின்றால் பம்பைக் கவனியுங்கள். டேங்க்குக்குள் இருக்கும் பம்பைக் குளிரவைப்பது பெட்ரோல்தான். வெயில் காலத்தில் டேங்க்கைக் கால்வாசிக்குக் கீழே இறங்கவிட்டு ஓட்டினால் பம்ப் சீக்கிரம் சோரும்.

எதை மாற்றினாலும் ஒரே நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். மாற்றியபின் வண்டி எந்த நேரத்தில், எந்தச் சாலையில் நின்றதோ அதே மதிய வெயிலில், நின்ற நேரத்தைப்போல இரண்டு மடங்கு ஓட்டிப் பார்த்தபிறகே பழைய பாகத்தைத் தூக்கிப் போடுங்கள்.