டெல்டாவில் நாட்டிய நாடகக் குழு தொடங்க

குழு தொடங்குபவர்கள் பெரும்பாலும் முதலில் மேடையைத் தேடுகிறார்கள். தேட வேண்டியது நட்டுவாங்கத்துக்கு, அதாவது தாளம் தட்டி ஜதி சொல்லி ஆட்டத்தை நடத்துவதற்கு, ஆள். தஞ்சாவூர், கும்பகோணம், மயிலாடுதுறை பக்கம் ஆடத் தெரிந்த பிள்ளைகள் கிடைத்துவிடுவார்கள். வாரம் இரண்டு ஒத்திகைக்குத் தவறாமல் வரும் நட்டுவனாரும் பாடகரும் மிருதங்கக்காரரும் கிடைப்பதுதான் கடினம். இந்த மூவரும் சம்மதித்த பிறகு குழுவுக்குப் பெயர் வையுங்கள்.

தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975-இன்படி பதிவு செய்யக் குறைந்தது 7 பேர் வேண்டும். ஆடும் பிள்ளைகளின் பெற்றோரை நிர்வாகத்தில் சேர்க்காதீர்கள். யாருக்கு நாயகி வேடம் என்ற பேச்சு பொதுக்குழுவுக்கு வந்துவிடும். குழுவின் பெயரில் பான் அட்டை, இருவர் கையெழுத்திடும் வங்கிக் கணக்கு, ஆண்டுதோறும் பதிவாளருக்குக் கணக்கு. மூன்றில் எது விட்டுப்போனாலும் நிதியுதவிக்கு விண்ணப்பிக்கும்போது அங்கேதான் நிற்கும்.

முதல் நாடகத்துக்கு ஊர்க்கதையே போதும். கோபாலகிருஷ்ண பாரதியின் நந்தனார் சரித்திரம் நடக்கும் திருப்புன்கூரும் சிதம்பரமும் பார்ப்பவர்களுக்குத் தெரிந்த ஊர்கள். சீர்காழி அருணாசலக் கவிராயரின் இராம நாடகக் கீர்த்தனைகளும் உண்டு. இரண்டும் பழைய பாடல்கள் என்பதால் பதிப்புரிமைச் சிக்கல் இல்லை. முழு நாடகத்தை 75 நிமிடத்துக்கும், அதிலிருந்தே தனியாக நிற்கும் ஒரு பகுதியை 20 நிமிடத்துக்கும் அமையுங்கள். நாட்டியாஞ்சலி எனப்படும் கோயில் நாட்டிய விழா மேடைகளில் கிடைப்பது குறைந்த நேரம்தான்.

இனி ஒத்திகை. எட்டுப் பேர் நான்கு ஆசிரியர்களிடம் கற்றவர்கள் என்றால் நாட்டடவு போன்ற அடிப்படை அசைவில் கை நீளும் உயரமே நான்கு விதமாக இருக்கும். முதல் மாதம் நாடகத்தைத் தொடவே வேண்டாம். தட்டடவு, நாட்டடவு, தட்டுமெட்டு, தீர்மானம் ஆகிய அடவுகளை மூன்று காலத்திலும் (வேகத்திலும்) எல்லோரும் ஒன்றாக ஆடட்டும். மூன்றாம் காலத்தில் அரைமண்டி, அதாவது முழங்கால் மடக்கிப் பாதி உட்காரும் நிலை, எழும்பிவிடும். ஒருவர் எழும்பினாலும் வரிசை முழுக்கக் கோணலாகத் தெரியும். காலத்தைக் குறைத்து உட்கார வையுங்கள், பிறகு ஏற்றுங்கள். அவசரப்பட்டு ஜதிக்கு (அடவுகளைக் கோத்த தாளக் கோவைக்கு) போன குழுக்களில் இந்தக் கோணல் கடைசிவரை சரியாவதில்லை.

மேடையில் ஆறு பேர், வெளியே இரண்டு பேர். அந்த இருவருக்கும் எல்லா வேடமும் தெரிந்திருக்க வேண்டும். சிதம்பரத்தில் 1981 முதல் நாட்டியாஞ்சலி நடப்பது மகா சிவராத்திரியை ஒட்டி. பிளஸ் டூ தேர்வும் ஏறக்குறைய அதே சமயம்தான். பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளையை முக்கிய வேடத்தில் போட்டால் மாசியில் தவிப்பீர்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் வெளி மேடை நம்ப முடியாது. புது உருப்படி கட்ட அதுவே நல்ல காலம்.

கோயில் பிராகாரத்துக் கருங்கல் முழங்காலைப் பதம் பார்க்கும். அங்கே ஆடும் நாளில் 'குதித்து மெட்டடவு' என்ற குதிப்பு அடவைக் குறையுங்கள். பலகை மேடை என்றால் ஆட்டத்துக்கு முன் ஒருவர் நான்கு மூலையும் நடந்து இடைவெளியும் ஆணியும் பார்க்க வேண்டும். முந்தின இரவே சலங்கையில் ஒவ்வொரு மணியையும் விரலால் இழுத்துப் பாருங்கள். நூல் தளர்ந்த மணி உதிர்ந்து உருண்டால், சுழன்று வரும் அடுத்தவரின் வெறுங்காலுக்கு அடியில்தான் போய் நிற்கும்.

உடை எட்டும் ஒரே துணித் தானில் வெட்டியவையாக இருக்கட்டும். பிறகு அதே நிறம் கிடைக்காது. பிள்ளைகள் வளர்வார்கள், பக்கத்துக்கு இரண்டு அங்குலம் உள்தையலில் விடச் சொல்லுங்கள். ஆடி முடித்ததும் உள்பக்கம் வெளியே திருப்பி நிழலில் உலர்த்த வேண்டும். வியர்வையோடு மடித்தால் ஜரிகை கறுத்துவிடும்.

கோயில் நிகழ்ச்சிகளில் பெரும்பாலும் மரியாதையும் போக்குவரத்துச் செலவும்தான். பக்கவாத்தியக்காரர்களுக்கு அன்றிரவே பணம் கொடுத்துவிடுங்கள், கைக்காசு போனாலும். முதல் நாடகம் பத்து மேடை ஏறாமல் இரண்டாவதைத் தொடங்க வேண்டாம்.

ஒவ்வொரு வேடத்துக்கும் ஒரு நோட்டு: சொல்லுக்கட்டு (தாளச் சொற்கள்), எந்த வரியில் எந்த இடம், யார் பக்கம் திரும்புவது. கல்யாணமாகி ஒரு பெண் வெளியூர் போகும்போது அந்த நோட்டை அடுத்தவளிடம் அவளே உட்கார்ந்து சொல்லிக் கொடுத்துவிட்டுப் போகட்டும்.