இஞ்ச் டேப்பும் நாற்பது பக்க நோட்டும்: நம் ஏரியாவின் பொது இடங்களை அளந்து பார்ப்பது எப்படி

நான் பழைய வண்ணாரப்பேட்டையில் பிளவுஸ் தைக்கிறவள். எம்.சி. ரோட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி, வாசலை ஒட்டிய பத்துக்குப் பத்து அறையில் இருபத்தாறு வருஷமாக மிஷின் ஓடிக்கொண்டிருக்கிறது. பொது இடம், ஆய்வு என்றெல்லாம் எனக்குப் படிப்பு கிடையாது. ஒரு பூட்டுதான் என்னை இதில் இழுத்துவிட்டது.

எங்கள் வீட்டுப் பக்கத்தில் ஒரு சின்னப் பூங்கா. காலை பத்து மணிக்குப் பூட்டினால் சாயங்காலம் நாலு மணிக்குத்தான் திறப்பார்கள். சமைத்து, துவைத்து, பிள்ளைகளை அனுப்பிவிட்டுப் பெண்கள் மூச்சு விடுகிற நேரமே பதினொன்றிலிருந்து ஒன்று வரைதான். அந்த நேரம் பார்த்துப் பூட்டு. ஏழு பேர் கையெழுத்துப் போட்ட மனுவை ஒரு அலுவலகத்துக்குக் கொண்டுபோனோம். வாங்கிப் படித்தவர், "திறந்து வெச்சா மத்தியானத்துல எத்தன பேரும்மா வருவாங்க?" என்றார். "நெறைய பேர் வருவாங்க சார்" என்றேன். சொல்லும்போதே எனக்கு வெட்கமாகிவிட்டது. என்னிடம் ஒரு அம்மா வந்து "கொஞ்சம் லூசா தெச்சுடு" என்றால் நான் கத்திரியைக் கையில் எடுப்பேனா? எத்தனை இஞ்ச் என்று கேட்க மாட்டேனா? அன்றைக்குத்தான் ஒரு நோட்டு வாங்கினேன்.

முதலில் பட்டியல். பொது இடம் என்றதும் பூங்கா, மைதானம், பீச் என்று மூன்றை எழுதிவிட்டு நோட்டை மூடிவிடாதீர்கள். வீட்டிலிருந்து பத்து நிமிஷ நடை தூரத்துக்குள் காசு கொடுக்காமல் ஜனங்கள் நிற்கிற, உட்காருகிற இடங்களையெல்லாம் எழுதுங்கள். தண்ணீர் லாரி நிற்கும் முனை ஒன்று. அங்கே குடம் வரிசையில் நிற்கும், ஆட்கள் நிழலில் நின்று ஊர்க்கதை பேசுவார்கள். ரேஷன் கடை வாசல், தர்கா வாசல், மாதா கெபி ஓரம், பஸ் ஸ்டாப், ரயில்வே கேட் போட்டால் பத்து நிமிஷம் வண்டியை அணைத்துவிட்டுக் காத்திருக்கும் இடம், எல்லாமே கணக்கில் வரும். திண்ணை சட்டப்படி ஒருத்தருக்குச் சொந்தம், ஆனால் புழங்குவது ஊர். அதற்கு நான் 'தி' என்று தனிக்குறி போட்டுக்கொண்டேன். எங்கள் பட்டியலில் இருபத்திமூன்று இடம் வந்தது. பூங்கா அதில் ஒன்றே ஒன்று.

அப்புறம் எண்ணிக்கை. எல்லாவற்றையும் எண்ண முடியாது, ஐந்து இடத்தைப் பொறுக்கிக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றுக்கும் நாலு வேளை போக வேண்டும்: காலை ஆறரை, பதினொன்றரை, மாலை ஐந்து, இரவு எட்டரை. வார நாள் ஒன்று, ஞாயிறு ஒன்று. ஒவ்வொரு வேளையும் பதினைந்து நிமிஷம் போதும். நோட்டில் நாலு கட்டம் போடுங்கள்: ஆண், பெண், பிள்ளைகள், வயசானவர்கள். நாலு கோடு போட்டு ஐந்தாவதைக் குறுக்கே இழுத்துக் கட்டுங்கள், ஹூக் எண்ணும்போது நான் செய்கிற அதே கணக்குதான்.

இதில் முக்கியமான ஒன்று, கடந்து போகிறவரையும் தங்குகிறவரையும் கலக்கக் கூடாது. இரண்டு பக்கத்தில் தனித்தனியாகப் போடுங்கள். ஒரு முனையில் கால் மணி நேரத்தில் இருநூறு பேர் கடந்துபோகலாம், ஒருத்தர்கூட நின்றிருக்க மாட்டார். அது வெறும் வழி. இன்னொரு முனையில் பதினொரு பேர்தான் இருப்பார்கள், அதில் எட்டுப் பேர் நீங்கள் போகும்வரை நகர மாட்டார்கள். அந்த இடத்தில்தான் ஏதோ இருக்கிறது. என்ன இருக்கிறது என்று அங்கேயே நின்று பாருங்கள்.

நான் செய்த தப்பையும் சொல்லிவிடுகிறேன். முதல் எண்ணிக்கையை ஆடி மாசத்து ஞாயிற்றுக்கிழமையில் எடுத்தேன். அம்மன் கோயிலில் கூழ் ஊற்றுகிறார்கள், தெருவே அங்கேதான் நிற்கிறது. நோட்டில் கோடு போட இடம் இல்லை. சந்தோஷமாக வீட்டுக்கு வந்து மகளிடம் காட்டினால், "ஏம்மா, கல்யாண வீட்ல போய் இந்தத் தெருவுல எத்தன பேர் குடியிருக்காங்கன்னு எண்ணுவியா?" என்றாள். பக்கத்தைக் கிழித்துப் போட்டேன். திருவிழா, மழை, காசிமேட்டில் மீன் மலிந்த ஞாயிறு, இதெல்லாம் இருந்தால் ஓரத்தில் குறித்துவையுங்கள். முடிந்தால் வேறு நாளில் போங்கள்.

சரி, பூங்காவுக்கு வருகிறேன். பதினொன்றரைக்குப் போனேன். உள்ளே யாரும் இல்லை, பூட்டியிருக்கிறதே. ஆனால் வெளியே, காம்பவுண்டுச் சுவரின் அடிக்கட்டில், ஒரு முழம்கூட அகலம் இல்லாத விளிம்பில், பதினேழு பேர். பதினான்கு பேர் பெண்கள். ஒருத்தி பூ கட்டுகிறாள், ஒருத்தி கைக்குழந்தையை மடியில் போட்டுத் தட்டுகிறாள், இரண்டு பேர் கீரை ஆய்கிறார்கள். உள்ளே நிற்கும் பூவரச மரத்தின் நிழல் அந்த வேளையில் சுவரைத் தாண்டி வெளியே விழுகிறது. மரம் உள்ளே, நிழல் வெளியே, ஜனம் நிழலில். பூங்காவுக்கு யாரும் வருவதில்லை என்று சொல்பவர் கேட்டுக்குள் மட்டும் எட்டிப் பார்த்திருப்பார்.

அதனால்தான் நிழலைத் தனியாக எழுதச் சொல்கிறேன். சித்திரை மாசத்து மூன்று மணிக்குச் சிமெண்டு பெஞ்சில் உள்ளங்கையை வைத்துப் பத்து எண்ணுங்கள். எண்ணி முடிப்பதற்குள் கையை எடுத்தால், அந்த பெஞ்ச் சாயங்காலம் ஆறு மணிவரை இல்லாததற்குச் சமம். பெஞ்ச் எத்தனை என்று எழுதாமல் எந்த மணிக்கு எத்தனை பெஞ்சில் நிழல் என்று எழுதுங்கள்.

இப்போது டேப். தையல் டேப்பில் ஒரு பக்கம் 60 இஞ்ச், மறுபக்கம் 150 சென்டிமீட்டர். நடைபாதையில் தடையில்லாமல் நடக்க 1.8 மீட்டர் அகலமாவது வேண்டும் என்று சாலைகளுக்கு அளவு வகுக்கும் அமைப்பான இந்தியச் சாலைக் காங்கிரஸின் வழிகாட்டி சொல்கிறது. அதாவது என் டேப்பை முழுக்க விரித்த பிறகும் இன்னும் ஒரு அடி நடைபாதை மிச்சம் இருக்க வேண்டும். அகலமான இடத்தில் அளந்து ஏமாறாதீர்கள். கரண்ட் பாக்ஸ், மரம், கட்சிக் கொடிக்கம்பத்தின் பீடம், நிறுத்திய பைக் இருக்கிற இடத்தில், அதன் விளிம்பிலிருந்து மறு விளிம்புக்கு அளக்க வேண்டும். எங்கள் தெருமுனையில் 58 சென்டிமீட்டர் வந்தது. ஆறு மாசக் கர்ப்பிணிக்கு நான் எடுக்கும் இடுப்புச் சுற்றளவைவிடக் குறைவு.

விளிம்பின் உயரத்தையும் அளந்துகொள்ளுங்கள். 15 சென்டிமீட்டருக்கு மேல் போனால் முட்டி வலிக்காரர்கள் ரோட்டிலேயே நடப்பார்கள். படிகளும் அப்படித்தான். இப்ராஹிம் சாகிப் தெருப் பக்கம் மாடிப் பூங்கா என்று ஒன்று உண்டு. 18-ஆம் நூற்றாண்டில் கறுப்பர் நகரத்தை, அதாவது இன்றைய ஜார்ஜ் டவுனை, சுற்றி வெள்ளைக்காரர்கள் எழுப்பிய மதிலில் மிஞ்சிய துண்டின் மேல் இருக்கிறது. வால்டாக்ஸ் ரோட்டுக்குப் பெயர் வந்ததும் அந்த மதிலுக்காகப் பேசப்பட்ட வரியால்தான். பெருமையான இடம். ஆனால் பேரே மாடி, படியேறாமல் போக முடியாது. சரித்திரத்துக்கு ஒரு பக்கம் எழுதுங்கள், முட்டிக்கு ஒரு பக்கம் எழுதுங்கள்.

இரவு எட்டரைக்குத் தனியாகப் போகாதீர்கள், துணைக்கு ஒருத்தரைச் சேர்த்துக்கொள்ளுங்கள். எரியாத விளக்குக் கம்பத்தின் எண்ணைக் குறித்து 1913-க்குச் சொல்லலாம், அது மாநகராட்சியின் புகார் எண். விளக்கைவிட முக்கியமாக, பெண்கள் எப்படி நடக்கிறார்கள் என்று பாருங்கள். ஒரு சந்துக்கு முன்னால் வந்ததும் ஒரு பெண் போனைக் காதில் வைத்து "தோ வந்துட்டேன், முனையிலதான் இருக்கேன்" என்று பேச ஆரம்பித்தாள். சந்து முடிந்ததும் போன் பைக்குள் போய்விட்டது. மறுமுனையில் யாரும் இல்லை என்று எனக்குத் தெரியும், நானே அப்படிப் பேசியவள்தான். அப்படி எத்தனை பேர் என்று ஒரு கட்டம் போட்டேன். அதே நேரத்துக்கு அடுத்த தெருவில் டிரம் மேல் கேரம் போர்டு, யார் வீட்டிலிருந்தோ ஒயர் இழுத்து மேலே ஒரு பல்பு, சுற்றிப் பத்துப் பையன்கள். ஒன்றும் இல்லாத இடத்தில் ஒரு மைதானத்தையே உண்டாக்கிவிடுகிறார்கள். அங்கே பெண் பிள்ளைகள் எத்தனை என்றும் எழுதினேன். சைபர்.

மழை விட்ட மறுநாள் ஒரு நடை போய், தண்ணீர் நின்ற கறையின் உயரத்தை மார்க்கிங் சாக்கால் சுவரில் கோடு போட்டு அளந்து வையுங்கள். இதற்கு மேல் இதில் சொல்ல ஒன்றுமில்லை.

விதிப் பலகையை வரிவிடாமல் படித்து எழுதிக்கொள்ளுங்கள். விளையாடாதே, படுக்காதே, சாப்பிடாதே, கூட்டம் கூடாதே. எங்கள் பூங்காப் பலகையில் ஒன்பது 'கூடாது', ஒரு 'செய்யலாம்'கூட இல்லை. ராயபுரம் ராபின்சன் பூங்காவில்தான் 1949 செப்டம்பரில் கொட்டும் மழையில் திமுகவின் முதல் பொதுக்கூட்டம் நடந்தது. பையனாகப் போய் நனைந்துவிட்டு வந்த என் மாமனார் அந்தக் கதையைச் சாகும்வரை சொல்வார். ஒரு பூங்காவில் அப்படியும் நடந்திருக்கிறது என்பதை அந்தப் பலகைக்குக் கீழே எழுதிவைத்தேன். சும்மா, என் ஆறுதலுக்கு.

கடைசியில் பேச்சு. "பூங்கா நல்லா இருக்குதா?" என்று கேட்டால் "நல்லாத்தான் இருக்குது" என்பார்கள். அதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. "நேத்து எத்தன மணிக்கு வந்தீங்க, எங்க உக்காந்தீங்க, ஏன் எழுந்து போனீங்க?" என்று கேளுங்கள். சுவர் விளிம்பில் பூ கட்டும் ஆயாவிடம் கேட்டேன். "சாயங்காலம் தொறந்தா எனக்கு இன்னாமா? அப்ப நான் பூ விக்கப் பூடுவேன். இந்த நேரத்துலதான் குந்த முடியும்" என்றது. எழுபது வயசு ஆயா ஒரு வரியில் என் மனுவை எழுதிவிட்டது.

நடைபாதைக் கடைக்காரர்களிடம் நோட்டோடு போனால் பயப்படுவார்கள். "இன்னாக்கா, கடையத் தூக்கப் போறாங்களா?" என்பதுதான் முதல் கேள்வி. முதலில் டேப்பைப் பைக்குள் போடுங்கள், ஒரு டீ குடியுங்கள், எதற்கு வந்தீர்கள் என்று சொல்லுங்கள். 2014-இல் வந்த தெருவோர வியாபாரிகள் சட்டப்படி, கணக்கெடுப்பு முடிந்து சான்றிதழ் கொடுக்கும்வரை யாரையும் அப்புறப்படுத்தக் கூடாது என்பதைத் தெரிந்துகொண்டு போனால் அவர்களுக்கும் உதவும். என் நோட்டில் கடைகளை 'ஆக்கிரமிப்பு' என்று எழுதுவதில்லை. இரவில் அந்த இட்லிக் கடை விளக்கு இல்லாவிட்டால் எங்கள் தெருவில் பாதி இருட்டு. முகம் தெரிகிற மாதிரி, முக்கியமாகப் பிள்ளைகளை, போட்டோ எடுக்காதீர்கள்.

எல்லாம் முடிந்ததும் பத்துக்கு இத்தனை மார்க் என்று போடச் சொல்கிறாள் என் மகள். எனக்குப் பிடிக்கவில்லை. மார்க் போட்டால் மார்க்கைத்தான் பார்ப்பார்கள். ஒரே பக்கத்தில் கைப்படம் ஒன்று, எண்ணிக்கை அட்டவணை ஒன்று, கேட்பது ஒன்று. அவ்வளவுதான். பரப்பளவு, திறக்கும் நேரத்துக்கான உத்தரவு போன்றவை தெரியாவிட்டால் 10 ரூபாய் நீதிமன்ற வில்லை ஒட்டித் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். 30 நாளைக்குள் பதில் சொல்ல வேண்டும். வார்டில் ஜனங்கள் குறை சொல்லக் கூடும் பகுதி சபை நடக்கும்போது அந்த ஒரு பக்கத்தைப் பத்துப் பிரதி எடுத்துக்கொண்டு போங்கள். வாயால் சொன்னதை மறந்துவிடுவார்கள், தாளைக் கையில் கொடுத்தால் குறைந்தது மடித்தாவது வைக்க வேண்டும்.

நாங்கள் கேட்டது இரண்டில் ஒன்று: பதினொன்றிலிருந்து ஒன்று வரை கேட்டைத் திறங்கள், இல்லை அந்தப் பூவரச நிழலில் வெளியே ஒரு பெஞ்ச் போடுங்கள். இதுவரை இரண்டும் நடக்கவில்லை. "பரிசீலனையில் இருக்குது" என்கிறார்கள். ஆனால் இந்த முறை எத்தனை பேர் என்று யாரும் கேட்கவில்லை. அந்தத் தாளை இரண்டு முறை திருப்பிப் பார்த்தார்கள்.

வியாழக்கிழமை தோறும் இன்னும் போய் எண்ணிக்கொண்டுதான் இருக்கிறேன். போன வாரம் ஒரு பாவாடை தைத்து முடிக்க நேரமாகி, போய்ச் சேர மணி பன்னிரண்டாகிவிட்டது. ஆயா பூவிலிருந்து தலையை நிமிர்த்தாமல், "பத்தொம்பது. ரெண்டு பேரு இப்பதான் எய்ந்து போனாங்க, எய்திக்கோ" என்றது.