திறன் அடிப்படையில கிளாஸ் எடுக்கறது எப்படி? ஒரே ஒரு யூனிட்ல இருந்து ஆரம்பிங்க

போர்ஷன் முடிச்சாச்சு, டெஸ்ட் வெச்சாச்சு, பேப்பர் திருத்தி மார்க்கும் போட்டாச்சு, அடுத்த பாடத்துக்கு போயாச்சு. இதுல எந்தப் பிள்ளைக்கு என்ன செய்ய வருது, என்ன வரலைங்கற கேள்வி எங்கயுமே வரலை பாருங்க. அந்தக் கேள்வியை முதல்ல வெச்சுக்கிட்டு மத்ததெல்லாம் அதுக்குப் பின்னாடி கட்டறதுதான் திறன் அடிப்படையிலான கற்றல், வேற பெரிய ரகசியம் ஒண்ணும் இல்ல.

வழக்கமான முறையில நேரம் மாறாது, கத்துக்கிட்ட அளவு ஆளுக்கு ஆள் மாறும். அமெரிக்காவுல 1906ல வந்த கார்னகி யூனிட் இதுக்கு நல்ல உதாரணம், ஒரு பாடத்தை 120 மணி நேரம் படிச்சா ஒரு யூனிட், அதாவது உக்காந்த நேரத்துக்குத்தான் கணக்கு. பெஞ்சமின் ப்ளூம்னு ஒரு அமெரிக்கக் கல்வி உளவியலாளர் 1968ல இதை அப்படியே திருப்பிப் போட்டாரு, தேவையான நேரமும் சரியான உதவியும் குடுத்தா பெரும்பாலான மாணவர்கள் எட்ட வேண்டிய அளவை எட்டிடுவாங்க, அதனால அளவை மாத்தாம வெச்சுக்கிட்டு நேரத்தை மாத்துங்கன்னு. கேக்க நல்லாத்தான் இருக்கு, ஆனா டைம்டேபிள் நம்ம கையில இல்லையே, அதனால முழு சிலபஸையும் மாத்தக் கிளம்பாதீங்க, ஒரு யூனிட்டை எடுத்து அதுல செஞ்சு பாருங்க.

முதல்ல திறனை எழுதுங்க, பாடத்தை இல்ல

"வரைபடம் பத்திப் புரிஞ்சுக்கணும்" அப்படின்னு எழுதினா அது திறன் இல்ல, ஏன்னா புரிஞ்சுதா இல்லையான்னு வெளியில இருந்து பாக்க முடியாது. கண்ணால பாக்கக்கூடிய ஒரு செயலா இருக்கணும். "அட்டவணையில இருக்கற தகவலை சரியான அளவுத்திட்டத்தோட வரைபடமா போடுவாங்க" இது ஒண்ணு. "வரைபடத்தைப் பாத்து ஒரு முடிவு சொல்லி அதுக்கு வரைபடத்துல இருந்தே காரணம் காட்டுவாங்க" இது இன்னொண்ணு. ரெண்டையும் ஏன் தனித்தனியா எழுதறேன்னா, நிஜ விடைத்தாள்ல என்ன நடக்கும்னு பாருங்க.

ஒரு செடியோட வளர்ச்சி அட்டவணை குடுக்கறீங்கன்னு வைங்க, நாள் 0, 2, 4, 8, 16, உயரம் 2, 6, 10, 18, 34 மில்லிமீட்டர். நாளைக்கு 2 மில்லிமீட்டர் வீதம் ஒரே சீரா வளருது, சரியா போட்டா நேர்கோடு வரணும். ஆனா நிறைய பசங்க என்ன செய்வாங்கன்னா அட்டவணையில இருக்கற நாளை அப்படியே எடுத்து கிடை அச்சுல 0, 2, 4, 8, 16ன்னு சம இடைவெளியில எழுதிடுவாங்க, கோடு மேல வளைஞ்சு போகும், அதைப் பாத்து "செடி போகப் போக வேகமா வளருது, ஏன்னா கோடு செங்குத்தா ஏறுது"ன்னு பதில் எழுதுவாங்க. முடிவு தப்புதான், ஆனா தான் போட்ட வரைபடத்தை அந்தப் பையன் சரியாத்தான் படிச்சிருக்கான், காரணமும் அதுல இருந்தே காட்டியிருக்கான்! ரெண்டாவது திறன் அவன்கிட்ட இருக்கு, முதலாவதுல அளவுத்திட்டம் மட்டும்தான் பிரச்சனை. பத்துக்கு அஞ்சுன்னு போட்டுட்டுப் போனா இது எதுவும் அவனுக்கும் தெரியாது, அடுத்த வருஷம் எடுக்கப் போற டீச்சருக்கும் தெரியாது.

ஒரு யூனிட்டுக்கு மூணு நாலு திறன் போதும். சில பேர் ஒவ்வொரு வரியையும் ஒரு திறனாக்கி நாப்பது அம்பதுன்னு லிஸ்ட் போட்டுடறாங்க, அப்புறம் டிக் அடிக்கறதே வேலையாப் போயிடும், சொல்லிக் குடுக்க நேரம் இருக்காது.

எதைப் பாத்து நம்புவீங்க?

பாடம் எடுக்கறதுக்கு முன்னாடியே இதை முடிவு பண்ணிடுங்க. ஜார்ஜ் மில்லர்னு ஒரு மருத்துவக் கல்வியாளர் 1990ல நாலு படி சொன்னாரு, தெரியும், எப்படின்னு தெரியும், செஞ்சு காட்ட முடியும், நிஜ வேலையில செய்யறாங்க, கீழ இருந்து மேல பிரமிட் மாதிரி. நாம வைக்கற டெஸ்ட்ல பாதிக்கு மேல முதல் ரெண்டு படியிலயே நின்னுடும், ஆனா திறன்ல "செய்வாங்க"ன்னு எழுதியிருப்போம். "அளவுத்திட்டம் என்றால் என்ன?"ன்னு ரெண்டு மார்க் கேள்வி கேட்டுட்டு வரைபடம் போடத் தெரியும்னு முடிவு பண்ணக் கூடாது. மருத்துவத்துல இதுக்குன்னே 1975ல ரொனால்ட் ஹார்டனும் கூட இருந்தவங்களும் ஒரு தேர்வு முறை கொண்டு வந்தாங்க, மாணவர் ஒவ்வொரு மேஜையா போகணும், ஒரு இடத்துல நோயாளிகிட்ட பேசணும், இன்னொரு இடத்துல பரிசோதனை செஞ்சு காட்டணும், பாக்கறவங்க கையில எல்லாருக்கும் ஒரே செக்லிஸ்ட். அவ்வளவு ஏற்பாடு நமக்கு வேண்டாம், பாக்காத ஒரு அட்டவணையும் ஒரு கிராஃப் ஷீட்டும் போதும். "பாக்காத"ங்கறது முக்கியம், கிளாஸ்ல போட்ட அதே கணக்கை மறுபடி குடுத்தா ஞாபக சக்தியைத்தான் அளக்கறோம்.

ரூப்ரிக்

ரூப்ரிக்னா எந்த நிலைக்கு பேப்பர்ல என்ன இருக்கணும்னு முன்னாடியே எழுதி வைக்கற அளவுகோல். நாலு நிலை வெச்சுக்கலாம். "சுமார், நல்லது, மிக நல்லது"ன்னு எழுதறதுல பிரயோஜனம் இல்ல, பேப்பர்ல என்ன தெரியணும்னு எழுதுங்க. முதல் திறனுக்கு இப்படி:

ஆரம்பம்: அச்சு போட்டிருக்காங்க, ஆனா எது எந்த அச்சுல வரணும்னு தெளிவில்ல.
நெருங்கியாச்சு: அச்சு சரி, புள்ளியும் வெச்சாச்சு, அளவுத்திட்டம் சீரா இல்ல.
எட்டியாச்சு: சீரான அளவுத்திட்டம், பெயர், அலகு, புள்ளி எல்லாம் சரி, யார் உதவியும் இல்லாம.
தாண்டியாச்சு: இந்தத் தகவலுக்கு எந்த வகை வரைபடம் பொருந்தும்னு தானே தேர்ந்தெடுத்து ஏன்னும் சொல்றாங்க.

இதை முதல் நாளே பசங்க கையில குடுத்துடுங்க, ஒளிச்சு வைக்கற விஷயம் இல்ல இது. முடிஞ்சா இன்னொரு டீச்சரும் நீங்களும் ஒரே அஞ்சு பேப்பரைத் தனித்தனியா திருத்திப் பாருங்க, எங்க ஒத்துப் போகலையோ அந்த வரியை மாத்தி எழுதுங்க, முக்கால்வாசி நேரம் தப்பு பேப்பர்ல இருக்காது ரூப்ரிக்லதான் இருக்கும்.

திருப்பிக் குடுக்கும்போது

நடுவுல வைக்கற சின்ன டெஸ்ட்டுக்கு மார்க் வேண்டாம், குறிப்பு மட்டும் எழுதுங்க. ரூத் பட்லர் 1988ல வெளியிட்ட ஆய்வுல குறிப்பு மட்டும் வாங்கின பசங்க முன்னேறினாங்க, மார்க்கும் குறிப்பும் சேத்து வாங்கினவங்களுக்கு அந்தப் பலன் கிடைக்கலை. காரணம் நமக்கே தெரியும், மார்க்கைப் பாத்துட்டு பக்கத்து பெஞ்ச்ல எவ்வளவுன்னு கேட்டுட்டு பேப்பரை மடிச்சு பைக்குள்ள வெச்சுடுவாங்க. "இன்னும் நல்லா முயற்சி செய்" மாதிரி குறிப்பும் வேஸ்ட்தான். "4க்கும் 8க்கும் நடுவுல எத்தனை நாள்? 2க்கும் 4க்கும் நடுவுல? ரெண்டுக்கும் ஒரே இடம் விட்டிருக்கே, பாரு" இப்படி எழுதினா உக்காந்து திருத்த ஒரு வேலை இருக்கு.

மறுவாய்ப்பு, இங்கதான் எல்லாரும் மாட்டறது

எட்டாதவங்களுக்கு ஃபெயில் கிடையாது, "இன்னும் இல்ல"தான். ஆனா கட்டுப்பாடு இல்லாம விட்டா முதல் தடவை யாருமே படிக்க மாட்டாங்க, கடைசி வாரம் எல்லாரும் உங்க மேஜையைச் சுத்தி நிப்பாங்க. அதனால முன்னாடியே விதியைச் சொல்லிடுங்க, பழைய தப்பைத் திருத்திக் காட்டினாதான் மறு டெஸ்ட், வேற அட்டவணைதான் வரும், எட்டாத திறனுக்கு மட்டும்தான், வாரத்துல ஒரு குறிப்பிட்ட பீரியட்லதான். அந்த பீரியடை யூனிட் ப்ளான்லயே ஒதுக்கி வைங்க, அப்புறம் பாத்துக்கலாம்னு விட்டா நேரம் கிடைக்காது, என்னைக் கேட்டா இந்த முறை பாதியில நின்னு போற இடங்கள்ல நின்னதுக்குக் காரணம் பெரும்பாலும் இது ஒண்ணுதான். முதல்லயே எட்டினவங்களை அடுத்த பாடத்துக்குத் தள்ளாதீங்க, அதே திறன்ல சிக்கலான வேலை குடுங்க, உதாரணத்துக்கு ஆளை ஏமாத்தற மாதிரி போட்ட ஒரு வரைபடத்தைக் குடுத்து எங்க ஏமாத்தறாங்கன்னு கண்டுபிடிக்கச் சொல்லலாம்.

பதிவும் சராசரியும்

ஒரு ஷீட் போதும், இடப்பக்கம் பேர், மேல திறன், கட்டத்துக்குள்ள நிலையும் தேதியும். சராசரி மட்டும் எடுக்காதீங்க. ஒரு பொண்ணு நாலு டெஸ்ட்ல 20, 40, 60, 90 வாங்கறா, இன்னொருத்தன் 55, 50, 52, 53. ரெண்டு பேருக்கும் சராசரி 52.5தான்! அவ கத்து முடிச்சுட்டா, இவன் நின்ன இடத்துலயே நிக்கறான், ரிப்போர்ட் கார்டுல ரெண்டும் ஒண்ணு. கடைசியா கிடைச்ச ஆதாரத்துக்கு மதிப்புக் குடுங்க, ஒரு தடவை அதிர்ஷ்டத்துல வந்திருக்குமோன்னு சந்தேகம் இருந்தா ரெண்டு வேற வேற வேலையில எட்டியிருக்கணும்னு வெச்சுக்கலாம். ஹோம்வொர்க் லேட்டா குடுத்தது, கிளாஸ்ல பேசினது இதுக்கெல்லாம் இந்த ஷீட்ல இடம் இல்ல, அதை வேணும்னா தனியா எழுதி வைங்க, திறன்ல கழிக்காதீங்க.

ஸ்கூல்ல கடைசியா மார்க் குடுத்தே ஆகணும்னு சொன்னா (சொல்லுவாங்க) யூனிட் முடிவுல எட்டின நிலைகளை வெச்சு மார்க்கா மாத்துங்க, எந்த நிலைக்கு எவ்வளவுன்னு ஒரு சின்ன அட்டவணை போட்டு ஆரம்பத்துலயே பெற்றோருக்கும் காட்டிடுங்க. அவங்க வந்து "என் பிள்ளை எத்தனாவது ரேங்க்?"னு கேட்டா, இந்த ஷீட்ல அவங்க பிள்ளையோட வரிசையை மட்டும் காட்டி, எது வந்திருக்கு, எது அடுத்து வரணும், மறு டெஸ்ட் எந்த தேதின்னு சொல்லுங்க.