வயது வந்த பிறகு போட்டி நீச்சல்: முதல் 50 மீட்டருக்குத் தயாராவது எப்படி?

நிற்காமல் 200 மீட்டர் நீந்த முடிந்தால் போட்டிப் பயிற்சியைத் தொடங்கலாம். வேகம் இப்போதைக்கு முக்கியமில்லை. 50 மீட்டரிலேயே திணறுகிறீர்களா? கை ஓய்ந்ததைவிட, மூச்சை அடக்கிக்கொண்டு நீந்துவதுதான் பெரும்பாலும் காரணம். முகம் தண்ணீருக்குள் இருக்கும்போதே மூக்கு, வாய் வழியாகக் குமிழி விட்டுக்கொண்டே இருங்கள். தலை திரும்பும் அரை நொடி உள்ளிழுக்கத்தான் போதும். வெளிவிடுவதையும் அப்போதே வைத்துக்கொண்டால் நாலைந்து மூச்சில் முட்டிவிடும்.

இதய நோய், ரத்த அழுத்தம் இருந்தால் மருத்துவரைக் கேட்டுவிட்டு இறங்குங்கள்.

1. பிரிவும் போட்டியும்

பெரியவர்களுக்கான போட்டிகள் ‘மாஸ்டர்ஸ்’ எனப்படும். உலக நீச்சல் அமைப்பான வேர்ல்டு அக்வாட்டிக்ஸின் விதிப்படி 25 வயதில் தொடங்கி ஐந்தைந்து ஆண்டுகளாகப் பிரிவுகள். டிசம்பர் 31 அன்று என்ன வயதோ, அதுதான் கணக்கு. நவம்பரில் 45 நிறைகிறவர் மார்ச் போட்டியிலேயே 45–49 பிரிவில்தான் நீந்துவார்.

முதல் போட்டிக்கு 50 மீட்டர் ஃப்ரீஸ்டைல் (கைகளை மாற்றி மாற்றி வீசி நீந்துவது) போதும். விதிகள் கொஞ்சம் இரக்கமானவை: திரும்பும்போது உடலின் எந்தப் பகுதி சுவரைத் தொட்டாலும் சரி, குட்டிக்கரணம் கட்டாயமில்லை. களைத்தால் தரையில் கால் ஊன்றி நிற்கலாம். ஆனால் நடக்கக் கூடாது, லேன் கயிற்றைப் பிடித்து இழுக்கக் கூடாது. பிரெஸ்ட்ஸ்ட்ரோக் (தவளை நீச்சல்) சுலபம் என்று நினைத்துப் பெயர் கொடுத்துவிட வேண்டாம். திரும்பும்போதும் முடிக்கும்போதும் இரண்டு கையும் ஒரே நேரத்தில் சுவரைத் தொட வேண்டும். ஒரு கால் கத்திரிபோல் வெட்டினாலே தகுதி நீக்கம்.

2. உடை

தொளதொள அரைக்கால்சட்டை தண்ணீரை அள்ளிக்கொண்டு பின்னால் இழுக்கும். உடலோடு ஒட்டிய, முழங்காலைத் தாண்டாத துணி உடை வேண்டும். காகிள்ஸ் (நீச்சல் கண்ணாடி) இரண்டு வைத்திருங்கள். பட்டை அறுவது பெரும்பாலும் போட்டி அன்றுதான்.

3. வாரம் மூன்று நாள் பயிற்சி

25 மீட்டர் குளத்தில் தொடக்கத்துக்கு 900 மீட்டர் போதும்: 200 மெதுவாக; கிக்போர்டு (மிதவைப் பலகை) பிடித்துக் காலை மட்டும் உதைத்து 4 × 25; 20 நொடி இடைவெளியுடன் 8 × 50; ஒரு நிமிட ஓய்வுடன் 4 × 25 முழு வேகம்; கடைசியாக 100 மெதுவாக.

இதில் உயிர்நாடி அந்த எட்டு ஐம்பதுகள். ஒவ்வொரு முறை கிளம்பும்போதும் சுவர்க் கடிகாரத்தின் நொடிமுள் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். சுவரைத் தொடும்வரை அது எத்தனை நொடி நகர்ந்ததோ, அதுவே உங்கள் நேரம். முதலாவது 55 நொடி, எட்டாவது 70 நொடி என்றால் தொடக்கத்திலேயே அவசரப்பட்டிருக்கிறீர்கள். எட்டும் இரண்டு மூன்று நொடிக்குள் அடங்க வேண்டும். கூடவே ஒரு நீளத்துக்கு எத்தனை ஸ்ட்ரோக் (கைவீச்சு) என்று எண்ணுங்கள். 24 என்பது 30 ஆகிறதென்றால் கை தண்ணீரைப் பிடிக்காமல் வழுக்குகிறது. அன்றைக்கு வேகத்தை நிறுத்திவிடுவது நல்லது.

தோள் வலித்தால் கை எங்கே இறங்குகிறது என்று யாரையாவது பார்க்கச் சொல்லுங்கள். தலைக்கு நேர் முன்னால் குறுக்கே போகிறதென்றால் அதுதான் சிக்கல். தோளுக்கு நேராக இறங்க வேண்டும். கை பேடில்களை (உள்ளங்கையில் மாட்டும் தகடுகள்) முதல் சில மாதங்களுக்குத் தொடவே வேண்டாம்.

4. டைவ்

விதிப்படி, தொடக்கப் பலகை உள்ள குளத்தில் சுவரிலிருந்து 1 மீட்டர் முதல் 6 மீட்டர் வரை ஆழம் குறைந்தது 1.35 மீட்டர் இருக்க வேண்டும். ஆழம் தெரியாத இடத்தில் பாயாதீர்கள்.

பயிற்சியாளர் பக்கத்தில் இருக்க, குளக்கரையில் உட்கார்ந்து, பிறகு மண்டியிட்டு, பிறகு நின்று, அதன் பிறகே பலகை. ஒரு கைமேல் இன்னொரு கை, மேற்கைகள் காதோடு ஒட்டி, பார்வை குளத்தின் தரையில். எங்கே போய் விழுகிறோம் என்று பார்க்கத் தலையைத் தூக்கினால் வயிறு அடிபடும், காகிள்ஸும் கழுத்துக்கு இறங்கிவிடும். காகிள்ஸ் பட்டைமேல் தொப்பி அணிந்தால் ஓரளவு தப்பலாம். டைவ் வரவில்லையா? மாஸ்டர்ஸில் தண்ணீருக்குள் இருந்தபடியே சுவரை உதைத்துக் கிளம்ப அனுமதி உண்டு. வெட்கப்பட ஒன்றுமில்லை.

5. போட்டி நாள்

பதிவில் உண்மையான நேரத்தைக் கொடுங்கள். குறைத்துச் சொன்னால் உங்களைவிட வேகமானவர்களுடன் ஒரே ஹீட்டில் (சேர்ந்து நீந்தும் சுற்று) மாட்டிக்கொண்டு, அவர்களைத் துரத்தியே முதல் 25-இல் தீர்ந்துபோவீர்கள்.

குறு விசில்கள் ஒலித்தால் தயாராகுங்கள். நீண்ட விசிலுக்குப் பலகையில் ஏறுங்கள். தொடக்க அதிகாரியின் கட்டளைக்குக் குனிந்ததும் சிலைபோல் அசையாமல் இருங்கள். ஒலிக்கு முன் கிளம்பினால் மறுவாய்ப்பு கிடையாது.

கடைசி 5 மீட்டரில் மூச்செடுக்காமல், கையை நீட்டி விரல் நுனியால் சுவரைத் தொடுங்கள். மிதந்தபடி போய்ச் சேர்ந்தால் அங்கேயே அரை நொடி போய்விடும். தொட்டதும் உடனே ஏற வேண்டாம். மற்றவர்கள் முடிக்கும்வரை உங்கள் லேனிலேயே இருந்து, அதிகாரி சொன்ன பிறகு பக்கவாட்டில் வெளியேறுங்கள். பயிற்சிக் குளம் திறந்திருந்தால் 200 மீட்டர் மெதுவாக நீந்திவிட்டு உட்காருங்கள்.