ஹவாயில் ஊர்கூடி மரம் நடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஹவாய்த் தீவுகளில் கெட்டுப்போன மண்ணை மீட்க, ஊர்க்காரர்கள் கூடி அந்த மண்ணுக்கே உரிய செடிகளை நடுகிறார்கள். அப்படி நட்ட கன்று பட்டுப்போனால், தவறு பெரும்பாலும் குழி தோண்டும் முன்பே நடந்திருக்கும்.

வேலி போடாமல் நடுவது ஆட்டுக்குத் தீனி வைப்பது போலத்தான். மனிதர் வரும்வரை அங்கே குளம்புள்ள பிராணியே கிடையாது. நிலத்துப் பாலூட்டி என்றால் வௌவால் மட்டும். அதனால் பல செடிகளுக்கு முள் தேவைப்படவில்லை. 1778இல் ஆங்கிலேயக் கடலோடி கேப்டன் குக் ஆடுகளை இறக்கினார். 1868இல் மொலோகாய் தீவுக்கு நம் புள்ளிமான் போய்ச் சேர்ந்தது. இங்கே புலிக்கும் செந்நாய்க்கும் அஞ்சும் மான், அங்கே அஞ்ச ஏதுமின்றிப் பெருகிவிட்டது.

வேலி போட்டாலும், புல்லை அப்படியே விட்டுவிட்டு நட்டால் பயனில்லை. மவுயி தீவின் ஔவாஹி என்ற இடத்தில், வெளியிலிருந்து வந்த கிக்குயு என்ற மேய்ச்சல் புல் மெத்தையாக மண்டி, விழும் விதையை முளைக்கவே விடாமல் இருந்தது. 1997இல் 10 ஏக்கரை வேலியடைத்து, புல்லைக் கொன்ற பிறகுதான் அஅலிஇ செடியை நெருக்கமாக நட்டார்கள். அதன் நிழலில் புல் ஒடுங்கியது. மற்ற மரங்களின் கன்றுகள் தாமாகவே முளைத்தன. எனக்கு மிகவும் பிடித்த செய்தி இது, ஏனென்றால் அஅலிஇ நம் கரடுகளில் நிற்கும் விராலியேதான். காகிதம் போல இறக்கை வைத்த அந்தக் காயைக் கையில் எடுத்தாலே தெரிந்துவிடும்.

பெயரை மட்டும் நம்பி விதை பொறுக்காதீர்கள். கோஆ அந்த மண்ணின் மரம். ‘கோஆ ஹவ்லே’ என்பதோ வெளியிலிருந்து வந்து மண்டிய நம் சூபாபுல். நாற்றங்காலில் ஏமாறுவது எளிது: கோஆவின் இளங்கன்றுக்கும் சிறகுபோல் பிரிந்த இலைதான், வளர வளரத்தான் அது அரிவாள் வடிவத்துக்கு மாறும். விதையும் அதே தீவில், நடும் இடத்தை ஒத்த உயரத்திலும் மழையிலும் நிற்கும் தாய்மரத்திலிருந்து எடுத்ததாக இருக்கட்டும்.

செருப்பு மண்ணைப் பலர் பொருட்படுத்துவதில்லை. ஹவாய்க்கே உரிய ஓஹியா மரங்களைக் கொல்லும் பூஞ்சை அந்த மண்ணோடும் பயணப்படும். மரத்தில் பட்ட காயம் வழியே நுழையும். அறிகுறி தெரிந்த சில வாரங்களில் முழு மரமும் பழுப்பாகிக் காய்ந்துவிடும். எனவே காட்டுக்குள் போகுமுன் செருப்பின் அடிப்பாகத்து மண்ணைத் தேய்த்து எடுத்து, 70 சதவீத ஆல்கஹால் தெளியுங்கள். மண்வெட்டிக்கும் அப்படியே. வீடு திரும்பும்போது மறுபடியும் செய்யுங்கள்.