காஸ்மீட்டரை முதன்முதலாகக் கையில் எடுப்பவர்களுக்கு

காந்தப்புலத்தை அளக்கும் கருவியான காஸ்மீட்டர் வந்து சேர்ந்ததும் எல்லாரும் செய்வது ஒன்றுதான். பேட்டரியைப் போட்டு, கைக்கு எட்டிய காந்தத்தில் ப்ரோப்பை, அதாவது மீட்டரோடு இணையும் அளவுகோலை, வைத்துப் பார்ப்பார்கள். 212 என்று காட்டும். மறுபடி வைத்தால் 187. மூன்றாம் முறை 240. சரி, மீட்டர் பழுது என்று முடிவுகட்டிவிடுவார்கள்.

பெரும்பாலும் மீட்டரில் ஒரு கோளாறும் இருக்காது. ப்ரோப்பின் நுனியில் ஒரு சின்னஞ்சிறு சென்சார் இருக்கிறது. அது உட்கார்ந்திருக்கும் இடத்தில், அது பார்க்கும் ஒரே திசையில், காந்தப்புலம் எவ்வளவு என்பதைத்தான் திரை காட்டுகிறது. இடமோ திசையோ கொஞ்சம் நகர்ந்தால் எண்ணும் நகரும். இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால் கீழே வரும் படிகளெல்லாம் தாமாகவே புரிந்துவிடும்.

சென்சாரின் அடிப்படை பழையது. 1879-இல் எட்வின் ஹால் என்ற அமெரிக்க இயற்பியலாளர் மெல்லிய தங்கத் தகட்டில் மின்னோட்டத்தைச் செலுத்தி, தகட்டின் முகத்துக்குச் செங்குத்தாகக் காந்தப்புலத்தைக் கொடுத்தார். தகட்டின் பக்கவாட்டில் ஒரு சிறு மின்னழுத்தம் தோன்றியது. புலம் கூடக்கூட அதுவும் கூடும். இன்றைய ப்ரோப்பில் தங்கத்துக்குப் பதில் குறைகடத்தி இருக்கிறது, அவ்வளவுதான் வித்தியாசம்.

அலகைப் பழகிக்கொள்ளுங்கள்

1 டெஸ்லா என்றால் 10,000 காஸ். 1 மில்லிடெஸ்லா என்றால் 10 காஸ். பூமியின் காந்தப்புலம் இடத்தைப் பொறுத்து சுமார் 0.025 முதல் 0.065 மில்லிடெஸ்லா வரை இருக்கும். சிறிய நியோடிமியம் காந்தத்தின் முகத்தில் சில நூறு மில்லிடெஸ்லா வரும். திரையில் எந்த அலகு ஓடுகிறது என்று பார்க்காமல் எண்ணை மட்டும் எழுதிவைத்தால், ஒரு வாரம் கழித்து அந்தக் குறிப்பு உங்களுக்கே உதவாது.

படி 1: ப்ரோப்பைப் பொருத்துதல்

மீட்டரை அணைத்த நிலையில் ப்ரோப்பைச் செருகுங்கள். ஓடிக்கொண்டிருக்கும்போது செருகுவதும் பிடுங்குவதும் நல்லதல்ல. ப்ரோப் இரண்டு வகை. தட்டையாக, பட்டைபோல் இருப்பதில் சென்சார் பட்டையின் முகத்தைப் பார்த்திருக்கும். காந்தத்தின் முகத்தில் படியவைத்து அளக்க இது வசதி. உருண்டையான குச்சிபோல் இருப்பதில் சென்சார் நுனியை நோக்கியிருக்கும். கம்பிச்சுருளுக்குள் நீளவாக்கில் நுழைத்து அளக்க அதுதான் சரி.

தட்டை ப்ரோப்பை வளைத்துப் பார்க்கும் ஆசை எல்லாருக்கும் வரும். வேண்டாம். உள்ளே இருக்கும் சில்லு எளிதில் விரிசல் விடக்கூடியது. மீட்டரைவிட ப்ரோப்தான் சீக்கிரம் சாகும்.

படி 2: சூடாக விடுங்கள்

மீட்டரைப் போட்டுவிட்டு கால்மணி நேரம் வேறு வேலையைப் பாருங்கள். சென்சாரின் வெளியீடு வெப்பநிலையோடு மெல்ல நகரும்; அது ஒரு நிலைக்கு வரட்டும்.

படி 3: ஜீரோ செய்தல்

அதிகம் பேர் தவறுகிற இடம் இதுதான், நானும் தவறியிருக்கிறேன். கருவியோடு ஒரு பக்கம் அடைத்த சிறு உலோகக் குழாய் வந்திருந்தால், அதுதான் ஜீரோ சேம்பர். மியூமெட்டல் என்ற உலோகக் கலவையால் ஆனது, வெளிப்புலத்தை உள்ளே விடாது. ப்ரோப்பின் நுனியை அதற்குள் விட்டு, எண் நிலைத்த பிறகு ஜீரோ பொத்தானை அழுத்துங்கள்.

நான் ஒருநாள் சோம்பேறித்தனமாக அந்தக் குழாயை எடுக்காமல் வெறும் காற்றில் ஜீரோ செய்தேன். அளக்கவேண்டிய காந்தங்கள் அதே மேசையில் கிடந்தன என்பதைக் கவனிக்கவில்லை. அன்று அளந்த எல்லாக் காந்தங்களிலும் வட துருவம் ஒரு மதிப்பும் தென் துருவம் அதைவிட 6 மில்லிடெஸ்லா அதிகமாகவும் காட்டின. காந்தங்களையே சந்தேகப்பட்டு ஒரு மதியம் போனது. விஷயம் என்னவென்றால், ஜீரோ செய்த நேரத்தில் பக்கத்துக் காந்தத்தின் 3 மில்லிடெஸ்லா ப்ரோப்பில் விழுந்திருந்தது. மீட்டர் அதையே பூஜ்யம் என்று எடுத்துக்கொண்டு, ஒரு பக்கம் 3 குறைத்தும் மறுபக்கம் 3 கூட்டியும் சொன்னது. அதிலிருந்து, எந்தக் காந்தத்தை அளந்தாலும் முதலில் இரு முகங்களையும் பார்த்துவிடுவேன். குறி மாறி, மதிப்பு ஏறக்குறைய சமமாக வந்தால்தான் மேலே போவது.

ஜீரோ சேம்பர் இல்லையா? காந்தங்களைத் தூரமாக வைத்துவிட்டு, ப்ரோப்பை ஒரு திசையில் பிடித்து எண்ணைக் குறியுங்கள். அதே இடத்தில் ப்ரோப்பின் முகத்தை நேர் எதிராகத் திருப்பி மறுபடி குறியுங்கள். முதலில் +0.07, அப்புறம் −0.01 என்று வந்தால், இரண்டையும் கூட்டிப் பாதியாக்கினால் 0.03. அது மீட்டரின் பிழை. மீதமுள்ள 0.04 அந்தத் திசையில் பூமியின் புலம். பூமி கையில் அகப்படுகிற இந்தக் கணம் எனக்கு இன்னும் அலுக்கவில்லை.

படி 4: அளத்தல்

நிலைக்காந்தம் என்றால் டிசி முறை, மாறாத புலத்துக்கானது. ரேஞ்சை, அதாவது அளவு வரம்பை, பெரியதில் தொடங்கிக் கீழே இறக்குங்கள். காந்தத்தை மரமேசையிலோ பிளாஸ்டிக் தட்டிலோ வையுங்கள். அடியில் இரும்பு இருந்தால் புலத்தின் வடிவமே மாறிவிடும். ப்ரோப்பின் முகம் காந்தத்தின் முகத்தோடு படிய வேண்டும். 10 பாகை சாய்ந்தால் 1.5 சதவீதம் குறையும், அது பரவாயில்லை. 30 பாகை சாய்ந்தால் 13 சதவீதம் போய்விடும். 250 இருக்கவேண்டிய இடத்தில் 216 காட்டும். காற்றில் இருக்கும் புலத்தின் திசை தெரியாவிட்டால், ப்ரோப்பை மெல்லச் சுழற்றிப் பாருங்கள். எண் உச்சம் தொடும் கோணம்தான் புலத்தின் திசை.

தூரம் இன்னும் மோசமான விளையாட்டு. 20 மி.மீ. விட்டமும் 5 மி.மீ. தடிமனும் உள்ள ஒரு நியோடிமியம் வட்டை எடுத்துக்கொள்வோம். எச்சக் காந்தப்புலம் (காந்தமாக்கிய பிறகு அந்தப் பொருளிலேயே தங்கிவிடும் புலம்) 1.2 டெஸ்லா என்று வைத்துக் கணக்கிட்டால், நடுவில் முகத்தோடு ஒட்டி 268 மில்லிடெஸ்லா. 1 மி.மீ. தள்ளி 249. 5 மி.மீ. தள்ளி 156. 10 மி.மீ.-இல் 75. 5 செ.மீ. போனால் வெறும் 2. சென்சாரும் ப்ரோப்பின் தோலுக்குள் கொஞ்சம் புதைந்துதான் இருக்கிறது. ஆகவே "ஒட்டி வைத்தேன்" என்பதே ஒரு சிறு தூரம்தான். கை நடுங்கும் என்பதால், 2 மி.மீ. பிளாஸ்டிக் துண்டு ஒன்றை இடையில் வைத்து எப்போதும் அதே தூரத்தில் அளப்பது என் பழக்கம். ஒப்பிடுவதற்கு அது போதும்.

ஒரு முகத்தின் எல்லா இடத்திலும் ஒரே எண் வராது என்பதையும் எதிர்பாருங்கள். மெல்லிய வட்டுகளில் நடுவைவிட விளிம்போரம் அதிகமாகக் காட்டும். எங்கே அளந்தீர்கள் என்பதை ஒரு சின்னப் படத்தோடு குறியுங்கள். அறையின் வெப்பநிலையையும் எழுதுங்கள். நியோடிமியம் காந்தம் ஒரு பாகை செல்சியஸுக்கு ஏறத்தாழ 0.1 சதவீதம் இழக்கும்.

எந்தக் குறி வட துருவம் என்று தெரியவில்லையானால் திசைகாட்டி போதும். ஊசியின் வடக்கு முனையை இழுக்கும் முகம் தென் துருவம். திசைகாட்டியைத் தள்ளியே பிடியுங்கள். வலுவான காந்தம் ஊசியின் துருவத்தையே புரட்டிவிடும்.

மின்மாற்றி, மோட்டார் போன்றவற்றுக்கு, மாறிக்கொண்டே இருக்கும் புலத்தை அளக்கும் ஏசி முறைக்கு மாற்றுங்கள். டிசியிலேயே விட்டால், நொடிக்கு 50 முறை மேலும் கீழும் போகும் புலத்தின் சராசரியாகப் பூஜ்யத்தை ஒட்டி ஏதோ காட்டும்.

படி 5: மீட்டரை நம்பலாமா?

20 செ.மீ. நீளமும் 3 செ.மீ. விட்டமும் உள்ள பிளாஸ்டிக் குழாயில் ஒரே அடுக்காக, சீராக 200 சுற்று கம்பி சுற்றி 1 ஆம்பியர் டிசி மின்னோட்டத்தைச் செலுத்துங்கள். குழாயின் நடுவில் 1.24 மில்லிடெஸ்லா வரவேண்டும். குச்சி ப்ரோப்பை நீளவாக்கில் நுழைத்து நடுவில் பாருங்கள். பிறகு மின்னோட்டத்தின் திசையை மாற்றுங்கள், குறியும் மாறவேண்டும். இரண்டு அளவின் வித்தியாசத்தில் பாதியை எடுத்தால் பூமியின் புலமும் ஜீரோ பிழையும் கழிந்துவிடும். கம்பி சூடாகும், நீண்ட நேரம் ஓடவிடாதீர்கள். கணக்குக்கும் மீட்டருக்கும் சில சதவீதத்துக்குமேல் வித்தியாசம் நீடித்தால், முதலில் சுற்றுகளை எண்ணிப் பாருங்கள், அப்புறம் ஆம்பியரைச் சரிபாருங்கள். அதற்கும் பிறகுதான் மீட்டரை அளவுத்திருத்தத்துக்கு அனுப்புவது.

பேஸ்மேக்கர் வைத்திருப்பவர்கள் வலுவான காந்தங்களின் பக்கமே வரக்கூடாது. பெரிய நியோடிமியம் இரண்டு ஒன்றையொன்று பார்த்துவிட்டால் இடையில் மாட்டும் விரல் நசுங்கும். ஒரே நேரத்தில் ஒன்றைத்தான் மேசையில் வையுங்கள்.

வேலை முடிந்ததும் மீட்டரை அணைத்து ப்ரோப்புக்கு மூடியைப் போடுங்கள். ஜீரோ சேம்பரைக் கீழே போட்டுவிடாதீர்கள். மியூமெட்டல் அடி வாங்கினால் புலத்தைத் தடுக்கும் குணம் குறைந்துவிடும், பார்வைக்கு ஒன்றும் தெரியாது.