இரண்டே பேர் மிஞ்சிய மைன்கிராஃப்ட் கிராமத்தை மறுபடி ஊராக்குவது எப்படி?

முந்தின நாள் சாயங்காலம் எட்டு வில்லேஜர்கள் (விளையாட்டில் வரும் கிராமவாசிகள்) நடமாடிய ஊர். விடிந்து பார்த்தால் இரண்டு பேர்தான் மிச்சம். தவறு என்னுடையதுதான்: கதவைத் திறந்துபோட்டுவிட்டு சுரங்கத்துக்குள் இறங்கிவிட்டேன், ராத்திரி ஜாம்பிகள் உள்ளே புகுந்துவிட்டன. அந்த இரண்டு பேரை வைத்து மறுபடி ஊரை நிறைத்த கதைதான் இந்தப் பதிவு. நான் ஆடுவது கணினிக்கான ஜாவா பதிப்பு, உயிர்பிழைத்து ஆடும் சர்வைவல் முறை, நார்மல் என்னும் நடுத்தரக் கடினம். மரம் வெட்டுவது, கம்பளி கத்தரிப்பது எல்லாம் உங்களுக்கே தெரியும் என்பதால் அதற்குள் போகவில்லை.

படி 1: இருப்பவர்களை அடைத்து வையுங்கள்

இரண்டு பேரையும் ஒரே வீட்டுக்குள் விட்டு வாசலைக் கல் வைத்து அடையுங்கள். பாவமாகத்தான் இருக்கும், பரவாயில்லை. ஆள் வரமாட்டேன் என்று அடம்பிடித்தால் பக்கத்தில் படகைப் போடுங்கள், தானாக ஏறிவிடுவார். தரையிலும் படகு மெல்ல நகரும். தண்டவாளம் போட்டு மைன்கார்ட்டில் கூட்டிவரச் சொல்பவர்கள் உண்டு. இரும்பு கொட்டிக்கிடந்தால் செய்யுங்கள், என் ஓட்டு படகுக்குத்தான். ஒரே குறை, மேட்டில் ஏறாது.

வில்லேஜர் முகத்தோடு ஒரு ஜாம்பி சுற்றினால் வெட்டிவிடாதீர்கள், அது உங்கள் பழைய ஆள். நார்மலில் ஜாம்பி கொன்ற வில்லேஜர்களில் பாதிப் பேர் அப்படி மாறுவார்கள், ஹார்டில் எல்லோருமே. வெயில் பட்டால் எரிந்துவிடும் என்பதால் கூரைக்கு அடியில் பிடித்து வையுங்கள். பலவீன மருந்தை வீசி, தங்க ஆப்பிள் ஒன்றைக் கொடுத்தால் மூன்று முதல் ஐந்து நிமிடத்தில் பழையபடி மனிதராகிவிடுவார். காப்பாற்றிய நன்றிக்கு விலையும் குறைப்பார்.

படி 2: வெளிச்சம், மதில்

1.18 பதிப்பிலிருந்து வெளிச்சம் சுத்தமாக 0 ஆக இருக்கும் இடத்தில்தான் ஜாம்பி முளைக்கும். அதனால் முன்பு போல டார்ச்சை அள்ளி இறைக்க வேண்டாம். கூரையை மட்டும் மறக்காதீர்கள். மதில் கட்டி முடித்துவிட்டு நிம்மதியாக இருந்தவனுக்கு, மதிலுக்கு உள்ளேயே ஒரு கூரை மேல் ஜாம்பி முளைத்தது. மதில் இரண்டு பிளாக் (இந்த உலகைக் கட்டும் சதுரக் கட்டி) உயரம் போதும். அழகெல்லாம் பிறகு.

படி 3: படுக்கை (நான் மாட்டிக்கொண்ட இடம்)

குழந்தை பிறக்க, இருப்பவர்களுக்கு ஆளுக்கு ஒரு படுக்கை போக, பிறக்கப்போகும் குழந்தைக்கும் ஒன்று காலியாக இருக்க வேண்டும். இரண்டு பேருக்கு மூன்று. இது எனக்கும் தெரியும். மூன்றுக்கு ஆறாகவே போட்டேன், ரொட்டியும் கொடுத்தேன். இருவர் தலைக்கு மேலும் இதயம் பறந்தது, அடுத்த நொடி கறுப்பு மேகம். குழந்தை இல்லை. ரொட்டியும் செரித்துப் போயிற்று, ஏனென்றால் பிறந்தாலும் பிறக்காவிட்டாலும் சாப்பாடு கணக்கில் கழிந்துவிடும். இப்படியே ஒரு மணி நேரம் ரொட்டியை எறிந்துகொண்டிருந்தேன்.

காரணம் கூரை. இடம் மிச்சம் பிடிக்கிறேன் பேர்வழி என்று மாடியில் படுக்கைக்கு மேல் ஒரே பிளாக் இடைவெளி விட்டு பலகையைப் போட்டிருந்தேன். வில்லேஜர் குழந்தைகள் படுக்கையில் ஏறிக் குதிக்கும். அதனால் படுக்கைக்கு மேல் இரண்டு பிளாக் காலியாக இருக்க வேண்டும். அரைப் பலகைதானே என்றால் ஆகாது, அதையும் விளையாட்டு முழுத் தடையாகவே எடுத்துக்கொள்ளும். ஒரு வரிசைப் பலகையைப் பிய்த்துப் போட்டேன், அடுத்த முறையே குழந்தை.

ஆக, கறுப்பு மேகம் தெரிந்தால் ரொட்டியை நிறுத்திவிட்டு மேலே அண்ணாந்து பாருங்கள். அடுத்து, அந்தப் படுக்கை வரை வில்லேஜர் நடந்து போக முடிகிறதா என்று பாருங்கள். வேலிக் கதவை அவர்களால் திறக்க முடியாது, மரக் கதவுதான் தெரியும்.

படி 4: சாப்பாடு

ஆளுக்கு 3 ரொட்டி, அல்லது 12 கேரட், அல்லது 12 உருளை. என் சிபாரிசு கேரட்: கோதுமையை அறுத்து ரொட்டி சுடும் வேலை இல்லை. ஒரு கம்போஸ்டர் (உரத்தொட்டி, விவசாயிக்கான வேலைப் பொருள்) வைத்து விவசாயி ஒருவரை உண்டாக்கிவிட்டால் அவரே விளைத்து மற்றவர்களுக்கும் எறிவார். குழந்தை பெரியவராக 20 நிமிடம்.

படி 5: வேலை

எல்லோரும் முதலில் புத்தகம் விற்கும் லைப்ரரியனைத்தான் தேடுவார்கள். என்னைக் கேட்டால் முதலில் அம்பு செய்யும் ஃபிளெட்சர். 4 மரக்கட்டையை அறுத்தால் 32 குச்சி, அதற்கு அவர் ஒரு எமரால்டு (வில்லேஜர்களிடம் செல்லும் பணம்) தருவார். காடு பக்கத்தில் இருந்தால் இதைவிடச் சுலபமான சம்பாத்தியம் எனக்குத் தெரியவில்லை. அவர் பட்டியலில் குச்சி இல்லையா? அவருடைய வேலை மேசையை உடைத்து மறுபடி வையுங்கள், பட்டியல் மாறும். ஒருமுறை வாங்கி விற்றுவிட்டால் மாறாது.

லைப்ரரியனுக்கும் இதே வித்தைதான்: அவருடைய வேலைப் பொருளான லெக்டர்னை (புத்தகத் தாங்கி) உடைப்பதும் வைப்பதுமாக, கருவிகளைப் பழுதுபார்க்கும் மெண்டிங் மந்திரப் புத்தகம் வரும் வரை பொறுமை. கோடாரியால் உடையுங்கள், சீக்கிரம் உடையும். பச்சை அங்கி போட்டவரிடம் மெனக்கெட வேண்டாம், எந்த வேலையும் எடுக்க மாட்டார். குழந்தை பெற மட்டும் உதவுவார்.

பின்சேர்க்கை 1: "லெக்டர்ன் வைத்தும் எதிரில் நிற்பவர் மாறவே இல்லை" என்று இரண்டு பேர் கேட்டிருந்தார்கள். வைத்ததும் பச்சைப் பொறி யார் தலைக்கு மேல் பறக்கிறது என்று சுற்றிப் பாருங்கள். சுவருக்கு அந்தப் பக்கம் வேலையில்லாமல் நிற்பவர் எடுத்துக்கொண்டிருப்பார். முதலில் அவருக்கு ஒரு வேலையைக் கொடுத்துவிட்டு இங்கே வாருங்கள்.

பின்சேர்க்கை 2: மொபைலில் ஆடும் ஒருவர், பத்துப் பேர் சேர்ந்தும் ஊரைக் காக்கும் இரும்பு மனிதனான அயர்ன் கோலெம் வரவில்லை என்றார். மொபைலில் இருப்பது பெட்ராக் பதிப்பு, கணக்கு வேறு: 10 பேரோடு 20 படுக்கையும் வேண்டும், அவர்களில் முக்கால்வாசிப் பேர் முந்தின நாள் வேலை பார்த்திருக்கவும் வேண்டும். அவசரமென்றால் நான்கு இரும்பு பிளாக்கை டீ வடிவில் அடுக்கி, செதுக்கிய பூசணியைக் கடைசியாக மேலே வையுங்கள். 36 இரும்புக் கட்டி செலவு. பூசணியை முதலில் வைத்துவிட்டு எழுந்து வரவில்லையே என்று காத்திருக்காதீர்கள்.